கள்ளம் என்று சொன்னது நான்

ஜனவரி 9, வியாழன்

விடிந்ததிலிருந்து கோபம். நகரசபை வண்டி வீதியை வழித்துக்கொண்டு வந்து, வழித்த பனி முழுவதையும் கடை வாசலில் குவித்துவிட்டுப் போயிருந்தது. அள்ளி முடிக்க இடுப்பு விட்டுப்போனது. தம்பி தயாபரன் வந்தபோது மத்தியானமாகிவிட்டது. "சொல்லியிருந்தா நான் வந்து அள்ளியிருப்பனே அக்கா" என்கிறான். ஸ்காபரோவில் ஜனவரியில் பனி விழும் என்று அவனுக்கு யார் சொல்ல வேண்டும்?

கடை அவனுடையது. கூடைப்பந்து, ஹொக்கி ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த பழைய அட்டைகளை, காட் என்போம், சேகரிப்பவர்களுக்காக வாங்குவதும் விற்பதும் அவன். அட்டையைப் பார்த்து நல்லதா கள்ளமா, மூலை மழுங்கியிருக்கிறதா, புதிதுபோலக் காட்ட விளிம்பை யாராவது சீவியிருக்கிறார்களா என்று சொல்வது நான். அச்சகத்தில் இயந்திரத்தடியில் இருபது வருடம் நின்று மையையும் புள்ளியையும் பார்த்தே பழகிப்போன கண்ணுக்கு இந்த ஒரு வேலைதான் மிச்சம்.

பின்னேரம் பவளராணி அக்கா வந்தார். கணவர் கிருபாகரன் போன சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார். கோயிலில் கண்டால் சிரிக்கும் பழக்கம், அவ்வளவுதான். கைப்பைக்குள்ளிருந்து துவாயில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்தார். நான்கு மூலையிலும் திருகாணி பூட்டிய தடித்த பிளாஸ்டிக் பெட்டி. மஞ்சள் பூத்துப்போய், உள்ளே என்ன இருக்கிறது என்று மங்கலாகத்தான் தெரிந்தது.

"இவர் கனடாவுக்கு வந்த புதுசில சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவின காலத்தில வாங்கின காட். எண்பத்தாறாம் ஆண்டுக் காட் எண்டு சொல்லுவார். 'பவளம், நான் போனாலும் இது உம்மைப் பாக்கும்' எண்டு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்."

எண்பத்தாறு என்றதும் தயாபரன் நிமிர்ந்தான். சிக்காகோவின் அந்தப் பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர் முதன்முதலாக அச்சில் வந்த அட்டை அந்தத் தொகுப்பில்தான். றூக்கி காட் என்பார்கள். நல்லது ஒன்று பல ஆயிரம் டொலருக்குப் போகும். அதைத் தேடி அலையாத ஆளில்லை. அதைப்போலக் கள்ளமாக அடிக்கப்பட்ட அட்டையும் வேறில்லை.

திருகாணி கழற்றும் முறுக்கி பின்னறையில் இருக்கிறது என்று தயாபரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் ஆனது. நான் பவளராணி அக்காவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு வந்து அட்டையை என் கையில் தந்தான்.

பூதக்கண்ணாடியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. நல்ல அட்டையில் படம் நிறப் புள்ளிகளால் ஆனது, எழுத்து மட்டும் ஒரே கறுப்பாக, மை முழுதாக விழுந்திருக்கும். இதில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்து கிடந்தது. நல்ல அட்டையைப் படமெடுத்துத் திரும்ப அச்சடித்தால் அப்படித்தான் வரும். நீல விளக்கைப் பிடித்தேன். பழைய காகிதம் மங்கிக் கிடக்கும், இது கலியாணத்துக்குப் போட்ட வேட்டி மாதிரிப் பளிச்சென்றது. நான்கு கரையும் அளந்து வெட்டியதுபோல் சமன். மூலைகள் கத்திபோல் கூர். முப்பத்தெட்டு வயது அட்டை அப்படி இருக்காது.

போன கோடையில் பீற்றர்பரோவில் ஒரு வீட்டில் மொத்தமாக வாங்கிய பெட்டிக்குள்ளும் இதே அச்சில் சில கள்ள அட்டைகள் கிடந்தன. வெட்டிப்போடச் சொன்னேன். வெட்டிப்போட்டதாகத் தம்பி சொன்னான். இந்தக் கழிசடை ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது போல.

"அக்கா, இது கள்ளக் காட்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "பழசு எண்டு சொல்லுறீரோ?"

"பழசுமில்லை. ஆரோ உங்கட அவரை ஏமாத்திப்போட்டினம்."

"வடிவாப் பாத்தனீரோ பிள்ளை? ஒருக்காத்தானே பாத்தனீர்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒருக்காப் பாத்தாலே தெரியும். இருபது வருசம் இதுக்குள்ள நிண்டனான்."

அவர் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டார். தேத்தண்ணீரும் ஆறிப்போனது. தயாபரன் அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, திருகாணி பூட்டி, துவாயில் சுற்றிக் கொடுத்து, பஸ் தரிப்புவரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இரக்கமுள்ளவன். நான்தான் வாய் காட்டிவிட்டேன்.

ஜனவரி 18, சனி

மீன் கடையில் பவளராணி அக்காவைக் கண்டேன். விளைமீன் வெட்டிக்கொண்டிருந்த அருளானந்தத்திடம் சொல்லிக்கொண்டு நின்றார்.

"நாப்பது வருசம் அந்த மனுசன் எனக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போட்டுது. ஒரு மட்டையைக் காட்டிக் காட்டி. நானும் நம்பிக்கொண்டு, நகை ஒண்டு செய்து தாங்கோ எண்டுகூடக் கேக்கேல்லை."

என்னைக் கண்டதும், "இவதான் பாத்துச் சொன்னவ" என்று அருளானந்தத்துக்குக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. சாட்சி காட்டுவதுபோல் காட்டினார். வீட்டில் ஒரு சூட்கேஸ் நிறைய மற்ற அட்டைகளும் இருந்தனவாம். முழுவதையும் குப்பைப் பையில் கட்டி, தொடர்மாடியின் குப்பைக் குழாய்க்குள் தள்ளிவிட்டாராம்.

எனக்குக் கிருபாகரன் மேல்தான் ஆத்திரம் வந்தது. தெரியாத சாமானை வாங்கி, தெரிந்ததுபோல் பேசி, மனிசியை இப்படி மீன் கடையில் நிற்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஆண்களே இப்படித்தான்.

வாங்கிய மீனில் பாதி முள்.

ஜனவரி 27, திங்கள்

கடையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. கட்டிடக்காரன் போனை எடுக்கவில்லை. தம்பியும் எடுக்கவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

அமெரிக்காவில் அட்டைகளுக்குத் தரமிடும் கொம்பனியிலிருந்து பார்சல். நாங்கள் ஒன்றும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. பிரித்தேன். எண்பத்தாறாம் ஆண்டு றூக்கி காட். முத்திரையிட்ட பெட்டிக்குள், நல்லது என்று உறுதிப்படுத்தி, பத்துக்கு எட்டு போட்டிருந்தார்கள்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். இத்தனை வருடத்தில் இந்தக் கடைக்குள் அது வந்ததேயில்லை. எழுத்தில் மை முழுதாக விழுந்திருந்தது. சிவப்புக் கரையில், வலது மேல்மூலைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. தகட்டில் தூசி இருந்தால் அப்படி வரும், அது குற்றமில்லை. படம் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கிப்போயிருந்தது. இடது கரை நூல்போல, வலது கரை அகலம். அதனால்தான் எட்டு. இல்லையென்றால் ஒன்பது.

தயாபரன் வந்ததும் பார்சல் பிரிந்து கிடப்பதைப் பார்த்து முகம் மாறினான்.

"என்ர பேருக்கு வந்ததை ஏன் உடைச்சனீங்கள்?"

"எல்லாத்தையும் நான்தானேடா உடைக்கிறனான். இது எங்க எடுத்தனி?"

"ஒஷாவாவில ஒரு வெள்ளைக்காரனிட்ட. உங்களுக்குச் சொல்லி ஆச்சரியப்படுத்துவம் எண்டு இருந்தனான்."

வாங்குவதற்கு முன் என்னிடம் காட்டாமல் அவன் ஒரு சதத்து அட்டைகூட வாங்கியதில்லை. இதை மட்டும் ஏன் காட்டவில்லை என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். தலையிடி வேறு. காலையில் பிரஷர் குளிசை போட மறந்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

பவளராணி அக்கா போனில் கூப்பிட்டார். சித்திரையில் ஆண்டுத் திவசம். நினைவு மலர் அடிக்க வேண்டும், அச்சுப் பக்கம் தெரிந்தவள் என்பதால் படங்களைச் சரிபார்த்துத் தர முடியுமா என்றார். ஜனவரியில் அப்படிப் பேசிய என்னிடம் கேட்கிறாரே என்று கூச்சமாக இருந்தது. சரி என்றேன். மகள் படங்களை அனுப்பினாள்.

ஒரு படத்துக்கு மட்டும் தனியாகச் சொன்னார். "அவரின்ர அறுபதாவது பிறந்தநாள் படம். முகம் வடிவா விழுந்திருக்கு. ஆனா கையில அந்தக் காட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அதை வெட்டிப்போடும் பிள்ளை. சனம் பாத்துச் சிரிக்கும்."

கணினியில் படத்தைத் திறந்து, நெஞ்சுக்குக் கீழே வெட்டுவதற்காகப் பெருப்பித்தேன். பெட்டி அப்போது புதிது, மஞ்சள் பூக்கவில்லை. உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிந்தது.

இடது கரை நூல்போல இருந்தது. வலது கரை அகலம்.

இன்னும் பெருப்பித்தேன். சிவப்புக் கரையில் வெள்ளைப் புள்ளி.

மார்ச் 2, ஞாயிறு

அடுப்பைக் கழற்றிக் கழுவினேன். திரைச்சீலைகளைக் கழற்றிக் கழுவினேன். கழுவ வேறொன்றும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையைத் திறக்கவில்லை. உள்ளே பூட்டிக்கொண்டு, கிருபாகரனின் படத்தை அச்சடித்து மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் எட்டுப் போட்ட அட்டையையும் வைத்தேன்.

பின்கதவால் வந்த தயாபரன் இரண்டையும் பார்த்தான். பொய் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் பொய்கூடச் சொல்லவில்லை.

"அவவுக்கு அது என்னெண்டு தெரியுமோ அக்கா? சும்மா துவாய் சுத்திக் கிடந்தது. நாங்கள் இந்தக் கடையை எவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு போறது? ஒரு நல்ல காட் வித்தா நிமிந்திடலாம்."

"பீற்றர்பரோக் கள்ளக் காட்டுகளை வெட்டேல்லை. வைச்சிருந்திருக்கிறாய்."

"ஒண்டைத்தான் வைச்சிருந்தனான்."

"அவவின்ர காட்டை எடுத்திட்டு, அந்தக் குப்பையை என்ர கையில தந்திருக்கிறாய்."

"நான் அவவுக்குக் கள்ளம் எண்டு சொல்லேல்லையே" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. "நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் சொல்லியிருந்தா அவ நம்பியிருக்க மாட்டா."

பதினேழு வயதில் கொழும்பில் பிடிபட்டுக் கிடந்தவனைக் கனடாவுக்கு எடுப்பிக்க நான் இரண்டு வேலை செய்தேன். பனியில் அவனுக்கு முதல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காருக்கு முன்னால் ஓடுகிறான் என்று அடித்திருக்கிறேன். அதன்பிறகு இன்றைக்குத்தான் கை ஓங்கினேன். நாற்பத்துநாலு வயது ஆளை. அவன் விலகவில்லை. கை தானாக இறங்கிவிட்டது.

"திருப்பிக் குடு" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை காட் ஷோவில மொன்றியல்காரன் ஒருத்தன் வாறான். அவனுக்குச் சொல்லியாச்சு. வித்த பிறகு பவளராணி அன்ரிக்கு ஏதும் குடுப்பம். நீங்கள் சும்மா இருந்தாப் போதும்."

அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பின்கதவால் போய்விட்டான்.

சும்மா இருந்தால் போதுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

காட் ஷோவுக்குப் போனேன். விமான நிலையத்துப் பக்கம், அட்டைக் கடைக்காரர்கள் மேசை போடும் பெரிய மண்டபம். வழமையாக எங்கள் மேசைக்குப் பின்னால் என் கதிரையும் இருக்கும். இன்றைக்கு ஒரு கதிரைதான் போட்டிருந்தான். என்னைக் கண்டதும், சனம் பார்க்கிறது என்று சிரித்தான். அவன் பல்லைப் பார்க்க எரிந்தது. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மொன்றியல்காரர் வந்தார். வயதான வெள்ளைக்காரர், மரியாதையான ஆள். அட்டையைத் தூக்கிப் பார்த்தார், விளக்கில் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், "நீங்கள்தானே அட்டையைச் சோதித்துப் பார்க்கிறவர்? உங்கள் வாயால் சொல்லுங்கள். இது எப்படி?"

தயாபரன் மேசை மறைவில் என் கையைப் பிடித்தான். சின்னப் பிள்ளையில் பயந்தால் பிடிப்பதுபோலவே பிடித்தான்.

"அட்டை நல்லது" என்றேன். "எட்டு சரி. ஆனால் இது எங்களுடையது இல்லை. விற்க இவனுக்கு உரிமை இல்லை. உடையவருக்கு இது இங்கே இருப்பதே தெரியாது."

அவர் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். போய்விட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டுபேர் எங்களையே பார்த்தார்கள்.

"என்ர தொழிலை முடிச்சுப்போட்டீங்கள்" என்றான் தமிழில். "சொந்தத் தம்பி."

அதுதான் என்னை எரித்தது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? வேறு யாராவது செய்திருந்தால் பொலிசுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன். அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். அவன் மறிக்கவில்லை.

அங்கிருந்து நேரே பவளராணி அக்கா வீட்டுக்கு. கதவைத் திறந்து, நினைவு மலர் அலுவலாக்கும் என்று நினைத்து இருத்தினார். நான் அட்டையை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மாற்றியது தம்பி, கள்ளம் என்று சொன்னது நான்.

அவர் அட்டையைப் பார்க்கவேயில்லை. சுவரில் பூமாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா இந்தாளுக்கு நான் விளக்குக் கொளுத்தேல்லை" என்றார். "பொய்யனுக்கு என்ன விளக்கு எண்டு விட்டிட்டன்."

நான் அட்டையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் உம்மட்டக் கேட்டனான். வடிவாப் பாத்தனீரோ எண்டு கேட்டனான். நீர் என்னில பாய்ஞ்சனீர்."

"என்ர கையில தந்ததை வடிவாத்தான் அக்கா பாத்தனான்."

"கையில ஆர் தந்தது எண்டு பாத்தனீரோ?"

பிறகு வேறு குரலில் கேட்டார். "நான் குப்பைக்குள்ள போட்ட மற்றக் காட்டுகள், சூட்கேஸ் நிறைய இருந்ததே. அதுகள் நல்லதோ?"

"தெரியாது அக்கா. நான் காணேல்லையே."

"நல்லதாயிருந்திருக்கும்" என்றார். "அவர் வாங்கினது எல்லாம் நல்லதாத்தான் இருந்திருக்கும்." அதைச் சொல்லும்போதுதான் அழுதார். கிட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

மார்ச் 15, சனி

பவளராணி அக்கா கடைக்கு வந்தார். கடையில் மூன்று நான்குபேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தயாபரனுக்கு முன்னால் போய் நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்றான். கண் கலங்கியிருந்தது. அது உண்மையான கண்ணீரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அட்டைக்கு விளக்கு இருக்கிறது, இதற்கு இல்லை.

"என்னட்ட என்னத்துக்கு மன்னிப்பு?" என்றார் அவர். "நீர் அவரை எல்லோ பொய்யனாக்கினீர். நானும் அதை நம்பி ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். நான் ஆர் ஆருக்குச் சொன்னனோ, அவையளிட்ட நீர் வந்து சொல்லும். என்ர முன்னால, உம்மட வாயால. இல்லையெண்டா நான் பொலிசுக்குப் போறன். மகள் அதுக்குத்தான் நிக்கிறாள்."

அவன் என்னைப் பார்த்தான். எப்போதும் பார்ப்பதுபோல.

"கார் நான் ஓட்டுறன்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

முதலில் மீன் கடை. ஞாயிற்றுக்கிழமைச் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. தயாபரன் அருளானந்தத்திடம் கிட்டப் போய், காதுக்குள் சொல்வதுபோல் ஏதோ சொன்னான்.

"கேக்கேல்லை" என்றார் பவளராணி அக்கா பின்னால் நின்று.

அவன் திரும்பவும் சொன்னான். "அன்ரி கொண்டு வந்தது நல்ல காட். நான்தான் மாத்திப்போட்டன். அங்கிள் சொன்னது உண்மை."

அருளானந்தம் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். "நான் அண்டைக்கே நம்பேல்லை அக்கா" என்று பவளராணி அக்காவிடம் சொன்னார். "நான் மறந்து மிச்சக் காசைக் கூடுதலாக் குடுத்திட்டன் எண்டு பஸ் எடுத்து வந்து திருப்பித் தந்திட்டுப் போன மனுசன் அவர். அவராவது பொய் சொல்லுறதாவது. நீங்கள் வருத்தத்தில சொல்லுறியள் எண்டு பேசாமல் நிண்டனான்."

பவளராணி அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். மீன்காரர்கூட நம்பவில்லை. கட்டினவள் நம்பியிருக்கிறாள். என் சொல்லைக் கேட்டு.

பிறகு ஏஜாக்ஸில் கிருபாகரனின் தங்கை வீடு. அந்த அம்மா கதவு வாசலிலேயே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, அவன் சொல்வது முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "மச்சாள், நீங்கள் உள்ள வாங்கோ. குளிருது" என்றார். "இவையள் வெளியில நிக்கட்டும்."

இவையள். நானும்தான்.

கதவு சாத்திக்கொண்டது. காற்று முகத்தை அறுத்தது. உள்ளே பவளராணி அக்கா அழுவதும், அந்த அம்மா ஏதோ சொல்வதும், பிறகு இரண்டுபேரும் சேர்ந்து அழுவதும் கேட்டது. நாங்கள் காருக்குள் போய் இருந்தோம்.

"உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நான் சொல்லியிருக்கலாம்" என்றான் தயாபரன். "இல்லாட்டி நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"என்னெண்டு சொல்லுறது? என்ர தம்பி கள்ளன் எண்டு எனக்குத் தெரியாது எண்டோ?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவனுடைய முதுகில் கை வைக்க வேண்டும் போலவும் இருந்தது, காரை விட்டு இறக்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பவளராணி அக்காவின் மகள் அட்டையை வேறொரு கடையில் கொண்டுபோய்க் காட்டினாளாம். அமெரிக்க முத்திரை இருக்கும்போதே, இன்னொரு கண்ணும் பார்க்கட்டும் என்று. என்னிடம் கேட்கவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது எரிச்சல் வந்தது. எரிச்சல்பட எனக்கு என்ன இருக்கிறது என்று அதன் மேல் இன்னொரு எரிச்சல். அந்தக் கடைக்காரன் நல்லது என்றானாம். தாயும் மகளும் அதை விற்கப்போவதாகவும் சொல்லவில்லை, வைத்திருக்கப்போவதாகவும் சொல்லவில்லை. அது அவர்கள் அலுவல்.

மத்தியானம் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது தயாபரனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். ஹொக்கி அட்டை ஒன்று, எழுபதுகளின் கடைசி. கீழே எழுதியிருந்தான்: "அக்கா, இது ஓகேயோ? விக்க வந்த ஆள் கடையில நிக்கிது."

கையைத் துடைத்துவிட்டுப் பெருப்பித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேல் விளிம்பு சீவியிருந்தது. படத்திலேயே தெரிந்தது.

திரும்ப எழுதினேன்: "ஆரின்ர காட்? அந்த ஆளின்ர நம்பரை அனுப்பு. அவருக்குத்தான் சொல்லுவன். இனி உனக்குச் சொல்ல மாட்டன்."

நீலக் கோடு விழுந்தது, வாசித்துவிட்டான். எழுதுகிறான், நிறுத்துகிறான், திரும்ப எழுதுகிறான்.

எழுதட்டும். போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் புட்டை இறக்கினேன்.